கோடை விடுமுறையும் நம் பங்குப் பிள்ளைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை



யூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறு, கொடிமரம் நட்ட வரலாறு, பங்கை வழிநடத்திய குருக்களின் வரலாறு ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்த பெரியவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். எனக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களில், கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்படாத ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் கோவில் வளாகத்தில் நடைபெறும் பத்து நாள் சிறுவர் முகாமே அது.

சென்ற கோடையில் ஒரு தாய் என்னிடம் வந்து, "ஃபாதர், பத்து நாள் அனுப்புனா பிள்ளைக்கு மார்க்கு கூடுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் வேறு எதைக் கேட்பார்? அதே வாரத்தில் நம் பங்குப் பேரவையிலும் ஒரு கேள்வி எழுந்தது. மே மாதம் முகூர்த்த மாதம். மண்டபத்தை வாடகைக்கு விட்டால் யூபிலிச் செலவுக்குக் கைகொடுக்கும். முகாமை மூன்று நாளாகச் சுருக்கிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அவர்களும் பங்கின் நன்மையை எண்ணியே கேட்டார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் அன்று நான் சரியாக விடை கூறவில்லை. வரலாற்றின் துணைகொண்டு இங்கே கூற முயல்கிறேன்.

கடற்கரையில் ஒலித்த மணி

முகாம் என்பது வெளிநாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் சிறுவரைக் கூட்டி, கற்பித்து, அவர்களிடமே ஒரு பணியை ஒப்படைக்கும் வழக்கம் நம் தமிழ்க் கடற்கரையிலேயே 480 ஆண்டுகளுக்கு முன் வேரூன்றிவிட்டது. 1542ஆம் ஆண்டு அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தவர்களின் உதவியோடு மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஒலித்தபடி ஊர் ஊராக நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவர்கள் கூடினார்கள்.

இதுவரை நாம் அனைவரும் அறிந்ததே. அடுத்து அவர் செய்ததுதான் நம் கவனத்துக்குரியது. கற்றதை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவர்களையே பணித்தார். நோயுற்றோர் பல ஊர்களிலிருந்து அவரை அழைத்தபோது, எல்லா வீடுகளுக்கும் செல்ல ஒருவரால் இயலவில்லை. ஆகவே சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே வீட்டாரைக் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று செபித்தார்கள். ஐரோப்பாவில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு 1544இல் எழுதிய கடிதத்தில் சவேரியார் இதனை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார்.

சிறுவர்கள் நாளைய திருச்சபை என்று நாம் மேடையில் பேசுகிறோம். சவேரியாரோ அவர்களை அன்றைய திருச்சபையாகவே நடத்தினார். "உன்னை நம்பி ஒரு வேலை தருகிறேன்" என்ற சொல் ஒரு பிள்ளையை நிமிர வைப்பதுபோல் நூறு அறிவுரைகள் நிமிர வைப்பதில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

துணியும் தையற்காரரும்

சவேரியாருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியின் தூரின் நகரில் அருட்தந்தை ஜான் போஸ்கோ வாழ்ந்தார். தொழில் பெருகிய அந்நகருக்கு மலைக் கிராமங்களிலிருந்து ஏழைச் சிறுவர்கள் கொத்தனார் வேலைக்கும் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் வந்து குவிந்தார்கள். 1841 டிசம்பர் 8ஆம் நாள் கோவிலில் தயங்கி நின்ற ஒரு கொத்தனார்ச் சிறுவனிடம் அவர் அன்பாகப் பேசியதிலிருந்து அவரது பெரும்பணி தொடங்கியது. அச்சிறுவனின் பெயர் பர்த்தலோமேயு கரேல்லி.

இலையுதிர்கால விடுமுறையில் தொன் போஸ்கோ தம் சிறுவர்களை அழைத்துக்கொண்டு தாம் பிறந்த பெக்கி என்னும் சிற்றூருக்கு நடந்தே செல்வார். செபமாலை அன்னையின் திருநாள் அங்கே கொண்டாடப்படும். பின்னாட்களில் இப்பயணம் நீண்டு, பல ஊர்களைச் சுற்றிவரும் நடைப்பயணமாக வளர்ந்தது. வாத்தியங்களையும் நாடகச் சாமான்களையும் சிறுவர்களே சுமப்பார்கள். சென்ற ஊரில் பாடுவார்கள், நடிப்பார்கள், திருப்பலியில் உதவுவார்கள். கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் படுப்பார்கள். 1864ஆம் ஆண்டுவரை இப்பெரும் பயணங்கள் நடைபெற்றன. இன்றைய கத்தோலிக்கக் கோடை முகாம்களின் தாய்வேர்களுள் ஒன்று இது எனலாம்.

1854 அக்டோபரில் இப்படிப் பெக்கியில் தங்கியிருந்தபோதுதான் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையோடு வந்து தொன் போஸ்கோவைச் சந்தித்தான். தந்தை கொல்லர், தாய் துணி தைப்பவர். இவனிடம் நல்ல துணி இருக்கிறது என்று தொன் போஸ்கோ கூற, அத்துணி எதற்குப் பயன்படும் என்று சிறுவன் கேட்டான். ஆண்டவருக்கு அழகிய ஆடை ஒன்று தைக்கப் பயன்படும் என்றார் அவர். அப்படியானால் நான் துணியாக இருக்கிறேன், நீங்கள் தையற்காரராக இருங்கள் என்ற கருத்துப்பட அச்சிறுவன் விடை பகர்ந்தானாம். அவனே 1954இல் புனிதராக உயர்த்தப்பட்ட துமினிக் சாவியோ.

தறியோசை கேட்டு வளர்ந்த செல்லூர் மக்களுக்கு இவ்வுரையாடலை நான் விளக்க வேண்டியதில்லை. நூல் எவ்வளவு உயர்ந்ததானாலும் பாவு ஓடாமல், ஊடை போடாமல் துணியாகாது. பிள்ளையும் அப்படித்தான்.

பிற சபைகளிலும் பிற நாடுகளிலும்

ஏறக்குறைய அதே காலத்தில் பிறரும் இவ்வழியில் நடந்தார்கள். 1876இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பியோன் என்ற புராட்டஸ்டாண்டு போதகர், நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள் 68 பேரை மலைநாட்டிற்கு அழைத்துச் சென்று விடுமுறையைக் கழிக்கச் செய்தார். 1898இல் நியூயார்க் நகரில் ஹாஸ் அம்மையார் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சியே, இன்று நம் புராட்டஸ்டாண்டு சகோதரர்கள் சிறப்பாக நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன்னோடி. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. செல்வர் பள்ளிச் சிறுவரையும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரையும் ஒரே கூடாரத்தில் அவர் தங்க வைத்தார். சிறு குழுக்களாகப் பிரித்து, குழுத் தலைமையைச் சிறுவரிடமே கொடுத்தார்.

பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டைன் வரலாறு உள்ளத்தைத் தொடுவது. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் படித்துவிட்டு ஆலை வேலைக்குச் சென்ற நண்பர்கள் தம்மை விட்டு விலகி நிற்பதைக் கண்டார். தொழிலாளிப் பிள்ளைகள் திருச்சபையை இழந்துவிடக் கூடாது என்று உறுதி பூண்டார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. பார்த்தல், சீர்தூக்கல், செயல்படல் என்ற அவரது முறையை 1961இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். நம் தமிழகத்தில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் முகாம்களில் அமர்ந்தவர்கள் பலர் இம்மலரைப் படிக்கிறவர்களுள்ளும் இருப்பீர்கள்.

இவற்றில் பொதுவாக உள்ளதைப் பாருங்கள். பெரும்பாலும் இவை ஏழைப் பிள்ளைகளுக்காக, உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. முகாம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்று.

மலை மேலும் மலைக்குக் கீழும்

நம் மதுரைக்கு வருவோம். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் நோய்களுக்கும் தப்ப 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினார்கள். 1895இல் இயேசு சபையார் செண்பகனூரில் தங்கள் குருமாணவர் இல்லத்தை நிறுவினார்கள். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று கொடைக்கானலில் ஒரு பள்ளியும் தோன்றியது. கோடை என்றால் மலை என்ற எண்ணம் இவ்வாறு வளர்ந்தது. இன்றும் ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்று மலையில் முகாம் நடத்துவோர் உண்டு. குதிரையேற்றமும் கயிறேற்றமும் அங்கே கற்பிக்கப்படலாம். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அங்கே போக இயலும்?

மலைக்குக் கீழே, மதுரைச் சீமையின் பங்குகளில் கோடை வேறு விதமாகக் கழிந்தது. 1938இல் மதுரை மறைமாவட்டம் உருவாகி, 1953இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. அக்காலத்தில் முகாம் என்ற சொல் இல்லை, ஞானோபதேசம் என்றார்கள். சின்னக் குறிப்பிடத்தை ஒப்பிக்க வேண்டும். அந்த மனப்பாடத்தை நான் இகழ மாட்டேன். சாவுப் படுக்கையிலும் மன்றாட்டு மறவாத மூதாட்டிகள் அதன் சாட்சிகள். ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு புதிய சாளரத்தைத் திறந்தது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் ஒன்றாக வெளியான ஏடுகளுள் ஒன்று கிறிஸ்தவக் கல்வி பற்றியது. மற்றொன்று பிற சமயத்தாரோடு நமக்குள்ள உறவு பற்றியது. பிள்ளைகள் தங்கள் மனச்சான்றால் நன்மையை எடைபோட்டுத் தாமே தழுவிக்கொள்ளத் துணைசெய்ய வேண்டும் என்று முதல் ஏடு வலியுறுத்தியது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் ஏடு கூறியது. நம் முகாமின் வாயில் அடுத்த வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் திறந்திருப்பதற்கு இவ்விரு ஏடுகளுமே அடிப்படை. செப நேரத்தில் அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பந்தியிலும் விளையாட்டிலும் வேற்றுமை பார்ப்பதுமில்லை.

செல்லூரின் பாடங்கள்

வைகையின் வடகரையில், ஆப்புடையார் கோயிலும் பெரிய கண்மாயும் கொண்ட பழமையான ஊர் நம் செல்லூர். கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் இவ்வூருக்குச் சோறு போட்டன. விடுமுறை விட்டால் தறிவீட்டுப் பிள்ளைகள் தார் சுற்றிய காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அக்காலத்துப் பிள்ளைக்கு வேலை இருந்தது; விளையாட்டு இல்லை. இக்காலத்துப் பிள்ளைக்குக் கைப்பேசி இருக்கிறது. வேலையும் இல்லை, ஓடியாடும் விளையாட்டும் இல்லை. முகாம் இவ்விரண்டையும் சரியான அளவில் தர முயல்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் நம் பகுதியில் நடக்கவே இடம் இராது. ஆகவே கூட்டம் கலைந்த பிறகே முகாமைத் தொடங்குகிறோம். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். முற்றம் கூட்டுதல், தண்ணீர் பிடித்து வைத்தல், பரிமாறுதல், இலை எடுத்தல், சிறு பிள்ளைகளை வீடு சேர்த்தல் என்று வேலைகள் சுற்றி வரும். இலை எடுப்பது பெண் பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கிய பையன்களும் மூன்றாம் நாள் வரிசையில் நிற்பார்கள்.

மாலையில் கபடி. செல்லூருக்குக் கபடியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீரர் சிலைகளோடு கபடிக்கென்று ரவுண்டானாவே வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் முகாமில் ஒரு விதி உண்டு. பாடி வருகிறவனின் விரல் நுனி உன்மேல் பட்டதை நடுவர் பார்க்காவிட்டால், நீயே கையை உயர்த்தி வெளியேற வேண்டும். முதல் நாள் யாரும் உயர்த்துவதில்லை. இரண்டாம் நாள் ஒருவன் உயர்த்துவான். தோழர்கள் அவனைத் திட்டுவார்கள். கடைசி நாளில் அவன் குழு தோற்றாலும் எல்லோரும் அவனுக்குக் கை தட்டுவார்கள். மனச்சான்று என்ற பாடத்தை நான் பீடத்தில் நின்று அரை மணி நேரம் விளக்கியும் இவ்வளவு புரிய வைத்ததில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. கடைத்தெருவில் காய்கறி வாங்கும் பொறுப்பு ஒரு குழுவிடம் தரப்பட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு எழுதிக் கொடுத்தாள். கணக்கு சரியாகவே இருந்தது. சற்று நேரத்தில் திரும்பி வந்து, தக்காளிக்கு எழுதியிருந்த தொகையை அடித்துக் குறைத்து எழுதினாள். மீதிப் பணத்தில் மூவரும் சேமியா ஐஸ் வாங்கித் தின்றதாகச் சொன்னாள். யாரும் அவளை விசாரிக்கவில்லை. அடித்துத் திருத்திய அந்தக் காகிதத்தை இன்றும் என் திருப்புகழ்மாலைப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

நான் செய்த பிழை

இதையெல்லாம் தொடக்கத்திலேயே அறிந்தவன் நான் அல்லன். குருவான புதிதில், வேறோர் ஊரில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தபோது, கோடை மறைக்கல்வியைப் பள்ளிக்கூடம் போலவே நடத்தினேன். கரும்பலகை, ஒப்பித்தல், கடைசி நாளில் தேர்வு, முதல் மூவருக்குப் பரிசு. அவ்வாண்டு 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒப்பிக்க வராது. ஆனால் சிறு பிள்ளைகளின் செருப்புகளைச் சோடி பிரியாமல் அடுக்கி வைப்பான். பானையில் தண்ணீர் குறைந்தால் யாரும் சொல்லாமலே நிரப்புவான். அழும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்வான். தேர்வில் அவனுக்கு மதிப்பெண் மிகக் குறைவு. எல்லோர் முன்னிலையிலும் அதைப் படித்தவன் நானே. அடுத்த கோடையில் அவன் வரவில்லை. வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிச் சென்றேன், குடும்பமே ஊர் மாறியிருந்தது.

குருமடத்தில் கார்டைன் வரலாற்றைப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். என் கண் முன் நின்ற தொழிலாளிச் சிறுவனை மட்டும் காணாமற்போனேன். நம் முகாமில் மதிப்பெண் பட்டியல் ஏன் இல்லை என்று கேட்கும் பெற்றோருக்கு, இதுவே என் விடை.

மழை நாளில் கண்டது

முகாமின் ஏழாம் நாளைச் சவேரியார் நாள் என்கிறோம். பிள்ளைகள் இருவர் இருவராக, ஒரு பெரியவர் துணையோடு, நோயுற்றோர், முதியோர் வீடுகளுக்குச் செல்வார்கள். சற்று நேரம் பேசி, தண்ணீர்க் குடம் நிரப்பி, விரும்பினால் செபம் சொல்லி வருவார்கள்.

2024 அக்டோபர் இறுதியில் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பெருகி, தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நானும் பெரியவர்களும் எங்கே தொடங்குவது என்று அறியாமல் நின்றபோது, இரண்டு சிறுவர்கள் நனைந்துகொண்டு பங்கு இல்லத்திற்கு ஓடி வந்தார்கள். "ஃபாதர், அந்தச் சந்துல கடைசி வீட்டுப் பாட்டிக்கு நடக்க முடியாது. மகன் வேலைக்குப் போயிருப்பாரு. யாராச்சும் தூக்கிட்டு வரணும்" என்றார்கள். இளைஞர்கள் சென்றபோது அம்மூதாட்டி கட்டிலின் மேல் கால்களை மடக்கி அமர்ந்திருந்தார். கட்டிலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. அவ்வீட்டை அந்த மே மாதத்தில் பிள்ளைகள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார்கள். பங்குப் பதிவேட்டை வைத்திருக்கும் எனக்கு அவர் நினைவு வரவில்லை. பிள்ளைகளுக்கு வந்தது.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். அம்மா, மார்க்கு கூடுமா என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் உங்கள் பிள்ளை ஒரு வீட்டின் வாசலை நினைவில் வைத்துக்கொள்வான். கணக்கை அடித்துத் திருத்துவாள். நடுவர் பாராதபோதும் கையை உயர்த்துவான். நாளை உங்களுக்கு முதுமை வரும்போது, அந்தப் பிள்ளைதான் உங்கள் அருகில் இருப்பான்.

யூபிலி ஆண்டின் வேண்டுகோள்

பங்குப் பேரவையின் கவலையும் நியாயமானதே. கட்டிய கட்டடத்திற்குச் செலவு உண்டு. ஆயினும் ஆண்டின் 365 நாட்களுள் 10 நாட்களை மட்டும் பிள்ளைகளுக்கென்று விட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறேன். மூன்று நாட்கள் போதா. கபடியில் முதல் கை உயர்வதற்கே இரண்டு நாட்கள் ஆகின்றன. சவேரியார் நாளோ ஏழாம் நாள். பொறுப்பு என்பது பழகப் பழக வருவது.

காலத்திற்கேற்ற எச்சரிக்கையும் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக 2012இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர், எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனித்திராமை ஆகியவற்றை நாம் தவறாது கடைப்பிடிக்கிறோம். குருவாகிய எனக்கும் இவ்விதி பொருந்தும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். வந்து அரை நாள் காய் நறுக்கினால் இன்னும் நலம்.

பாலைவெளியில் பசித்திருந்த மக்கள் முன் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததை யோவான் நற்செய்தியாளர் எழுதும்போது, ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் ஒரு சிறுவனிடம் இருந்தன என்கிறார். பெரியவர்கள் செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த வேளையில், இருந்த உணவு சிறுவன் கையிலிருந்து வந்தது. ஆண்டவர் அதைச் சிறிதென்று ஒதுக்கவில்லை.

இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கு கட்ட வேண்டியவை பல இருக்கலாம். அவற்றோடு நம் பிள்ளைகளையும் கட்டியெழுப்புவோம். வரும் மே மாதத்தில் மணி ஒலிக்கும்போது உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கையோடு அழைத்து வாருங்கள். சிறுவர்களின் நண்பரான இயேசு ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவில் உங்கள்,
பங்குத் தந்தை,
செல்லூர், மதுரை